எஸ்ஸுக்கு அங்கால

மூன்றாம் தடவையும் அதே கோப்பைத் திறக்கிறேன்.
எட்டடிக்கு நாலடி, மஞ்சள் தளம், சிவப்பெழுத்து,
மூலையில் ஒரு கிம்புளா பனிஸ் படம்.
சாய்ந்தமருதுப் பிரதான வீதியில்
போன கிழமையே ஏறியிருக்க வேண்டிய பலகை
ஒரு தலைக்கொமாவில் தொங்கிக் கிடக்கிறது.

முதல்நாள் மஃறூப் காக்கா
துண்டுத்தாளில் எழுதித் தந்தபடியே அடித்தேன்:
பிரதர்ஸ் பேக்கரி, இங்கிலிசில்.
எஸ்ஸுக்கு இங்கால ஒரு கொமா,
அந்தரத்தில்.
"அது இருந்தாத்தான் இங்கிலிசு மாதிரி இரிக்கும் புள்ள."
நான் ஒன்றும் சொல்லவில்லை.
இந்த வீதியில் எத்தனை தையல்கடை, எத்தனை சலூன்,
பன்மை என்றாலே பயந்து
குறியொன்றைக் குத்திவிட்டவர்கள். எல்லாம் என் கைவேலை.
மரக்கறிக்கடைக்கும் ஒன்று போட்டிருக்கிறேன்,
காசு வாங்கிக்கொண்டு.

இரவு பதினொன்றுக்கு டோஹாவிலிருந்து குரல்பதிவு.
இஸ்ஸதீன். நடுத் தம்பி.
களஞ்சிய மேற்பார்வையாளன், கேரளத்துக்காரன்,
படத்தைப் பெருப்பித்துப் பார்த்துச் சொன்னானாம்:
எஸ்ஸுக்கு முன்னால் வைத்தால்
அது ஒரே ஒரு சகோதரனின் கடை.
"புது அடுப்பு ஆர்ர காசு? காக்காட்டக் கேட்டுச் சொல்லுங்க."
அவன் குரலுக்குப் பின்னால்
லொறியொன்று பின்னோக்கி வரும் பீப் சத்தம்.

சொன்னேன். காக்கா சிரித்தார்,
"கொமாவுக்கும் பங்கு பிரிக்கணுமோ?"
சிரிப்பு பாதியில் நின்றது.
"எடுத்திரு. ஒண்டும் வேணாம்."
எடுத்தேன்.
சகோதரர்கள், பேக்கரி,
இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன
ஒன்றை ஒன்று பிடிக்காமல்.

நமக்கு இந்தத் தொல்லையில்லை.
என்னுடைய, எண்ட ஆகும்.
உங்களுடைய, உங்கட.
பாதிச் சொல்லை விழுங்கிவிட்டு
ஏப்பம்கூட விடமாட்டோம்.
வெள்ளைக்காரன் கணக்கு வைப்பவன்.
டூ நொட், டோன்ட் ஆனால்
விழுந்த எழுத்தின் இடத்தில் ஒரு கீறல்,
இங்கே ஓர் ஆள் இருந்தது என்று.
இட் இஸ் சுருங்கினால் கீறல் உண்டு;
அதே இட்ஸ், அதனுடைய என்று பொருள் கொண்டால் கிடையாது.
சாதாரண தரப் பரீட்சையில் அதில்தான் எனக்குப் புள்ளி போனது.
இன்னும் கோபம்.

பிறகெங்கோ வாசித்தேன்:
உடைமைக்குப் போடும் குறியும்
ஆதியில் ஓர் எழுத்துப் போன இடம்தானாம்.
பழைய 'ஈ' ஒன்று.
அந்தப் பள்ளத்தைத்தான்
இப்போது சொந்தம் என்கிறார்கள்.

இன்றைக்கு, கடை பூட்டும் நேரம்,
மஃறூப் காக்கா மாவுக் கையோடு வந்தார்.
கதிரையில் இருக்கவில்லை.
"எஸ்ஸுக்கு அங்கால வெச்சா எத்தின பேர் கா?"
"ஒராளுக்கு மேல. ரெண்டா மூண்டா எண்டு அது சொல்லாது."
"மூண்டெண்டாலும் பொருந்துமா?"
"பொருந்தும்."

ஹஸ்பியின் பெயரை அவர் சொல்லவில்லை.
கடைசித் தம்பி. அந்த மார்கழி ஞாயிறு காலை
சைக்கிள் பெட்டியில் பாணோடு
கடற்கரை வீதிக்குப் போனவன்.
மௌத்தானவர்களும் பன்மைக்குள் வருவார்களா என்று
அவர் கேட்டிருந்தால்
என் இலக்கணப் புத்தகத்தில் அதற்குப் பக்கம் இல்லை.
கேட்கவில்லை.
மேசை விளிம்பில் விழுந்த மாவை
உள்ளங்கையால் கூட்டி எடுத்தார்.
"அப்ப அங்கால வை."

அம்பு விசையை ஒருதரம் அமர்த்தினேன்.
குறி தாவியது.
ஒரு விரற்கடை தூரம்கூட இல்லை.

அச்சு ஓடுகிற நேரத்தில்
பற்றுச்சீட்டு எழுதினேன், தமிழில்:
பிரதர்ஸ் பேக்கரி, பலகை ஒன்று.
எழுதிவிட்டுப் பார்த்தேன்,
அதை வைக்க அதில் எங்கும் இடமில்லை.

படம் டோஹாவுக்குப் போனது.
இரண்டு நீலச் சரி விழுந்தது.
நெடுநேரம் எழுதினான், அழித்தான், எழுதினான்.
கடைசியில் வந்தது ஒரு வரி:
மஞ்சள் கொஞ்சம் கூடிப்போச்சு.